மனவியல் என்றுதான் எழுதியிருந்தது

ஜூலை 7

இன்று நடந்த கூத்தை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் அரிசிக் கடையில் போன வருஷம் கொடுத்த டைரியை எடுத்து, கிழமைகளை அடித்துவிட்டு, இதில் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லூரியில் பெண்களுக்கு மாலை நேரப் பட்டயப் படிப்பு என்று பலகை வைத்திருந்தார்கள். மனையியல் என்று படித்தேன். ஒரு தடவை இல்லை, காய்கறிக்குப் போகும்போதும் வரும்போதும் பத்து நாள் படித்தேன். வீட்டில் சொல்லி, விண்ணப்பம் போட்டு, இன்று முதல் வகுப்புக்குக் கரண்டி, அளவுக் கிண்ணம், கைப்பிடித் துணி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பாடம் எடுக்க வந்தவர் பெனிட்டா மேடம். என்னைவிட எட்டு வயதாவது சின்னவர், நாகர்கோவில்காரர். வந்ததும், "ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பதில் ஜெர்மனியில் லைப்சிக் என்ற ஊரில் ஒருவர் ஓர் ஆய்வுக்கூடம் திறந்தார்" என்று ஆரம்பித்தார். வெளிநாட்டுக்காரன் சமையலறையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் ஆகியும் அடுப்பு வரவில்லை. எழுந்து நின்று, "மேடம், நமக்கு அடுப்பு எப்ப வரும்?" என்று கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரண்டியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அக்கா, இது மனவியல்" என்றார். வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன். மனவியல் என்றுதான் எழுதியிருந்தது. முதலிலிருந்தே அப்படித்தான் எழுதியிருந்தது.

ஜூலை 9

பெயரை எடுக்க முடியாதாம். வேறு வகுப்புக்கு மாற்ற, மனையியல் என்று ஒரு வகுப்பே அங்கே கிடையாதாம்.

ஜூலை 12

எனக்கு ஏன் மனையியல் வேண்டியிருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன், கோபத்தில் அது மறந்துவிடக் கூடாது.

எங்கள் கடை ராமுத்தாய் மெஸ். ராமுத்தாய் என் மாமியார். தேனியில் மதியச் சாப்பாடு என்றால் கோர்ட்டுக்காரர்களும் பேங்க்காரர்களும் நேராக இங்கேதான் வருவார்கள். புதுக் கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்தில் தை மாதம் இரண்டாவது கடை திறக்கப் போகிறோம். அந்த அடுப்பு எனக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காய் நறுக்கி, மாவரைத்து, அத்தைக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்ட நாட்களில் குழம்பும் வைத்திருக்கிறேன்.

அத்தை சித்திரையிலேயே முடிவு சொல்லிவிட்டார். "உசிலம்பட்டியில இருந்து மாஸ்டர் வரட்டும். கைமணம்னு ஒண்ணு இருக்குத்தா. அது எல்லாக் கையிலயும் வராது."

கைமணம். அதற்கு என்ன பதில் சொல்வது? உப்பு அதிகம் என்றால் குறைக்கலாம். புளி பழசு என்றால் மாற்றலாம். கை சரியில்லை என்றால் கையை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? அதனால்தான் சட்டம் போட்டு மாட்ட ஒரு சான்றிதழாவது வாங்கலாம் என்று கிளம்பினேன். கிடைத்தது மனவியல்.

ஜூலை 24

இன்றைய பாடத்தில் முதல் தடவை நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மனசைப் பற்றிப் பேசாத ஊர் இல்லை, பேசாத காலம் இல்லை, ஆனால் ரொம்ப நாள் அது தத்துவம் பேசுகிறவர்கள் கையிலேயே இருந்தது என்றார் மேடம். உட்கார்ந்து யோசித்துச் சொல்வதோடு சரி. லைப்சிக்கில் வுண்ட் என்பவர் செய்தது என்னவென்றால், ஆட்களை உட்கார வைத்து, ஒரு சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்லி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தார். அளக்க ஆரம்பித்த பிறகுதான் இது அறிவியல் ஆனது.

அவருக்கு முன்னால் வேபர் என்று ஒருவர். கையில் கொஞ்சம் கனம் வைத்திருக்கும்போது சிறிது கூட்டினாலே தெரிகிறது, நிறையக் கனம் வைத்திருக்கும்போது அதே சிறிது கூட்டினால் தெரிவதில்லை என்று சோதித்துக் காட்டியவர். இருப்பதற்குத் தகுந்த பங்கு கூட்டினால்தான் தெரியும் என்பது அவருடைய விதி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உப்பே போடாத ரசத்தில் ஒரு கிள்ளு போட்டால் நாக்கு எழுந்து நிற்கும். ஏற்கெனவே கரிக்கும் ரசத்தில் அதே கிள்ளு போனால் பிரம்மாவுக்கும் தெரியாது. இதை நான் தினமும் பார்க்கிறேன், இதற்கு ஒரு விதி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று டம்ளரில் உப்புத் தண்ணீர் கலக்கி என் வீட்டுக்காரரைக் குடிக்க வைத்தேன். "மனையியல்ல இதெல்லாமா சொல்லித் தர்றாக?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 3

மெஸ்ஸில் அப்பளம் காலி. வகுப்பில் ஞாபகம் பற்றிய பாடம். எபிங்ஹாஸ் என்பவர் பொருளில்லாத சொற்களை மனப்பாடம் செய்து, எத்தனை சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்துக்கொண்டாராம். எங்களையும் பொருளில்லாத சொற்கள் எழுதச் சொன்னார் மேடம். தமிழில் அது லேசில் ஆகிற காரியமில்லை. யார் என்ன எழுதினாலும் இன்னொருத்திக்கு அது சித்தப்பாவின் பட்டப்பெயராகவோ அவள் ஊர் ஓடையின் பெயராகவோ இருந்தது. கடைசியில் மேடமே எழுதிப் போட்டார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். வீட்டில் சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19

மாட்டிக்கொண்டேன்.

பாடப்புத்தகத்தை முருங்கைக்காய்க் கூடைக்கு அடியில் வைத்திருந்தேன். அத்தை எடுத்துவிட்டார். அட்டையில் மனவியலின் இன்னொரு பெயரான உளவியல் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யார உளவு பாக்கப் படிக்கிற? என்னையவா?"

உளவு வேறு, உளவியல் வேறு, இது மனசைப் பற்றிய படிப்பு என்று விளக்கினேன். அப்படியென்றால் மனசு சரியில்லாதவர்களுக்கு வைத்தியமா என்று கேட்டார். அதுவும் ஒரு பிரிவு, மருத்துவ உளவியல் என்று அதற்குப் பெயர். குழந்தை வளர்வதைப் பார்க்க ஒரு பிரிவு, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, நாலு பேர் கூடினால் ஏன் தனி ஆளாக இருந்தபோது செய்யாததைச் செய்கிறார்கள் என்று பார்க்க ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனேன். அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

முடித்ததும், "அடுப்பு?" என்றார்.

"அடுப்பு இல்ல அத்தை."

என் வீட்டுக்காரர் தவமணி குடம் வைக்கப் போவதுபோல் நழுவிவிட்டார். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் வருவதில்லை என்பது அவருடைய கொள்கை. அத்தை புத்தகத்தைத் திரும்பக் கூடைக்கு அடியில் வைக்கவில்லை. மாவு டின்னுக்கு மேல், ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 2

பாவ்லோவ், நாய், மணி: சோற்றோடு சேர்த்துப் பழகிய மணி அடித்தாலே நாய்க்கு எச்சில் ஊறுமாம். நம்ம மெஸ் ஷட்டர் சத்தத்துக்குத் தெருநாய்கள் வாலாட்டுவதைச் சொன்னேன். மேடம் கரும்பலகையில் என் பெயரைப் போட்டு அதை எழுதினார்.

செப்டம்பர் 16

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று சாம்பார் அத்தை வைத்தது. முழுக்க அவர்தான், நான் கிட்டேகூடப் போகவில்லை. பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் அவருக்குப் போன் வந்ததால் நான் அண்டா பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டிருந்தேன். அய்யணன் சார் வந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த மெஸ்ஸின் நாக்கு தானே என்று நினைப்பு அவருக்கு. அவர் தலையை ஆட்டினால் பக்கத்து இலைக்காரரும் ஆட்டுவார். உள்ளே எட்டி என்னைப் பார்த்தார். ஒரு வாய் போட்டார்.

"இன்னைக்கு மருமக கையா? அதான பாத்தேன். எல்லாம் சரியா இருக்கு, கைமணம் இல்ல."

பக்கத்து இலைக்காரர்களும் ஆமாம் சற்று சப்பென்றுதான் இருக்கிறது என்றார்கள். போனை வைத்துவிட்டு அத்தை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இலை எடுக்கும்போது கோபத்துக்கு நடுவில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. மனையியல் என்று நான் எதனால் படித்தேனோ, அதனால்தான் அய்யணன் சாருக்கு அது சப்பென்று இருந்தது. என் கண் எனக்கு வேண்டியதைப் படித்தது. அவர் நாக்கு அவர் நினைத்ததை ருசித்தது.

செப்டம்பர் 17

மேடத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், "ஒரு ஆள், ஒரு நாள். இது கதை அக்கா, அறிவியல் இல்ல" என்றுவிட்டார். முகம் விழுந்துவிட்டது எனக்கு. அவரே பிறகு சொன்னார்: "செய்முறைத் தேர்வுக்கு எல்லாரும் ஒரு சோதனை செய்யணும்லா? நீங்க இதச் செய்யுங்க."

செப்டம்பர் 30

சோதனை என்பது சாம்பார் வைப்பதைவிடச் சிரமம். நான் போட்ட திட்டத்தை மேடம் நாலு தடவை திருப்பி அனுப்பினார். சாப்பிடுகிறவர்களுக்கு யார் வைத்தது என்று தெரியக் கூடாது, சரி. பரிமாறுகிறவருக்கும் தெரியக் கூடாதாம். தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம். தவமணி முகம் கண்டிப்பாகக் காட்டிக்கொடுக்கும். அதனால் கிண்ணத்தில் ஊற்றுவது மேடம், அடியில் புள்ளி வைப்பது மேடம், பரிமாறுவது தவமணி. முடிந்ததும் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவர் கட்டளை.

இனி ஒரே ஆள் பாக்கி.

அக்டோபர் 4

அத்தையிடம் கேட்டேன். முதல் நாள் ஒரே சாம்பாரை இரண்டு பெயரில் கொடுப்போம், மறுநாள் இரண்டு பேரும் வைத்து, பெயர் சொல்லாமல் கொடுப்போம் என்றேன். உங்கள் கைமணம் உண்மையென்றால் மறுநாள் தெரிந்துவிடும் என்றேன். கடைசியாக, தெரிந்துவிட்டால் மாஸ்டரே வரட்டும், நான் இனி அந்த அடுப்பைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல நினைத்துப் போகவில்லை. வந்துவிட்டது.

அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியலைன்னா?"

"தெரியலைன்னா புதுக் கடை அடுப்பு எனக்கு."

"செய்யி" என்றார்.

அக்டோபர் 21

இன்று ஒரே அண்டா சாம்பார், அத்தை வைத்தது. இரண்டு வாளிகளில் ஊற்றி ஒன்றில் ராமுத்தாய், மற்றதில் என் பெயர், இந்திராணி என்று சீட்டு ஒட்டினோம். வந்தவர்களுக்கு இரண்டு கிண்ணமும் கொடுத்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டோம்.

ராமுத்தாய் ஜெயித்தார், அதுவும் அடித்து நொறுக்கி. கேட்ட முப்பது பேரில் இருபத்தாறு பேர் அவர் பக்கம். இந்திராணி கிண்ணத்தில் புளி தூக்கல் என்றார் ஒருவர். பருப்பு வேகவில்லை என்றார் இன்னொருவர். பேங்க் மேனேஜர், "பரவாயில்ல, பழகப் பழக வந்துரும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று அத்தை எல்லாவற்றையும் கேட்டார். முதலில் சிரித்தார். பருப்பு வேகவில்லை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மணிக்குக் கடை அடங்கிய பிறகு என்னிடம் வந்தார்.

"என் சாம்பாரையே நொட்டை சொல்றானுக, உன் பேரச் சொன்னதும்."

"ஆமா அத்தை."

"உனக்குத் தினமும் இப்படித்தானா?"

நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். புகைதான் கண்ணில் பட்டது.

அக்டோபர் 22

இந்த நாளை மேடம்தான் தேர்ந்தெடுத்தார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில் இதே அக்டோபர் 22 காலையில், ஃபெக்னர் என்பவர் படுக்கையில் கிடந்தபோதுதான், மனசுக்குள் உணர்வதையும் வெளியே இருக்கும் பொருளையும் கணக்கில் பொருத்தலாம் என்று அவருக்குப் பட்டதாம். நமக்குப் படுக்கையில் கிடந்து யோசிக்கிற வசதி ஏது? விடிவதற்குள் இரண்டு அடுப்பும் மூட்டியாகிவிட்டது.

ஒரே பருப்பு, ஒரே புளி, ஒரே காய். ஒன்று அத்தை, ஒன்று நான். சீட்டு இல்லை. எந்தக் கிண்ணம் ராமுத்தாய் கை என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டோம். நேற்றைய உண்மையை இன்னும் சொல்லவில்லை என்பதால் எல்லாரும் தைரியமாகவே உட்கார்ந்தார்கள்.

பதினைந்து பேர் சரியாகச் சொன்னார்கள். பதினைந்து பேர் தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் அதுதான் வந்திருக்கும். அய்யணன் சார் இரண்டையும் மூன்று தடவை சுவைத்து, கண்ணை மூடி, விரலை உயர்த்தி, என் கிண்ணத்தைத் தொட்டு, "ராமுத்தாய். சந்தேகமே வேண்டாம்" என்றார். மேடம் கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்த புள்ளியைக் காட்டினார். பிறகு நேற்றைய விஷயத்தையும் எல்லாருக்கும் சொன்னார். மெஸ் முழுக்கச் சிரிப்பு. பேங்க் மேனேஜர் எழுந்து வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது அத்தை உள்ளேயிருந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "எனக்கும் வையிங்க" என்றார்.

மேடம் உள்ளே போய் ஊற்றினார், தவமணி கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போது ஒரு கிண்ணம் கொஞ்சம் சிந்தியது. அத்தை முதல் கிண்ணத்தில் ஒரு மடக்கு குடித்தார். இரண்டாவதில் ஒரு மடக்கு. நாற்பது வருஷம் அந்தக் குழம்பை வைத்த மனுஷி. அவர் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, ஜெயிக்க வேண்டும் என்றா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது கிண்ணத்தை நகர்த்தினார். "இது என் கை."

மேடம் அதைத் தூக்கினார். புள்ளி என்னுடையது.

யாரும் சிரிக்கவில்லை. அத்தை கிண்ணத்தை எடுத்து மிச்சத்தையும் குடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அக்டோபர் 23

இன்றைய சாம்பாரை அத்தை வைத்தார். நான் காய் நறுக்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 26

உசிலம்பட்டி மாஸ்டருக்கு அத்தையே போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தவமணி வந்து சொன்னார். எந்த நாளும் நடுவில் வராதவர், இன்று எனக்கு அல்வா வாங்கி வந்தார்.

நவம்பர் 11

அறிக்கை எழுதி முடித்தேன். அந்த ஒரு கேள்வி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்ததால் வெங்காயம் உரிக்கும்போது கேட்டே விட்டேன்.

"அத்தை, நெசமாவே உங்களுக்குத் தெரியலையா?"

அவர் நிமிரவில்லை. "நீ எறக்குறதுக்கு முன்னாடி வறுத்த வெந்தயப் பொடி ஒரு சிட்டிகை போடுற. நான் என்னைக்கும் போட்டதில்ல. அது எனக்குத் தெரியாதாக்கும்?"

உரித்த வெங்காயம் கையில் அப்படியே இருந்தது. தெரிந்தே அதைத் தொட்டாரா? அல்லது உண்மையாகவே ஏமாந்துவிட்டு, இப்போது கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்கிறாரா? மறுபடி கேட்டாலும் ராமுத்தாய் அதற்கு மேல் பேசுகிற ஆள் இல்லை. மேடத்திடம் சொன்னேன். அவரும், "இத அளக்க நம்மகிட்ட கருவி இல்லக்கா" என்றார்.

அத்தையின் பெயரைக் கணக்கில் சேர்க்காமல் அறிக்கையைத் திருத்தி எழுதினேன். முப்பது பேர் போதும்.

டிசம்பர் 14

வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் அறிக்கையைப் புரட்டிவிட்டு, இது எந்தப் பிரிவு என்று கேட்டார். நாக்கு உணர்வதால் வுண்ட், வேபர் வழியில் சோதனை உளவியல். எதிர்பார்த்ததையே ருசிப்பதால் புலனறிவு. பக்கத்து இலைக்காரர் தலையாட்டினால் தானும் ஆட்டுவதால் சமூக உளவியல் என்றேன். ஒரு சாம்பாரில் இத்தனையா என்றார். இன்னும் இருக்கிறது, நேரம் இல்லை என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ஹார்வர்டில் எல்லாத் தகுதியும் இருந்தும், பெண் என்பதற்காகப் பட்டம் கிடைக்காத ஒருவரைத் தெரியுமா என்றார். மேரி கால்கின்ஸ், பின்னால் அமெரிக்க உளவியல் சங்கத்துக்கே தலைவரானார் என்றேன். கதவுக்கு வெளியே நின்ற மேடம் கையைக் குத்தி உயர்த்தியதை நான் பார்த்துவிட்டேன்.

டிசம்பர் 29

வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்கு. தவமணி டைனிங் ஹால் முழுக்கச் சொல்லிவிட்டார். அய்யணன் சாரிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஜனவரி 22

புதுக் கடை திறந்தாகிவிட்டது. கால் வலி உயிர் போகிறது, ஆனாலும் எழுதாமல் தூங்க மாட்டேன்.

காலையில் நான் அடுக்களைக்குள் இருந்ததால் வெளியே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. பலகைக்குத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ராமுத்தாய் மெஸ் என்பதோடு கிளை என்று சேர்த்து எழுதியிருப்பார்கள் என்று அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அத்தை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முதல் பந்தியிலேயே அய்யணன் சார். ஒரு வாய் போட்டார். கண்ணை மூடினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆகா, அம்மா கையேதான்" என்றார்.

கரண்டியும் கையுமாக நான் நின்றேன். செப்டம்பர் மாதத்து வாசல்படி ஞாபகத்துக்கு வந்தது.

அத்தை கல்லாவை விட்டு எழுந்தார். "என் கை இல்ல சார். எங்க இந்திராணி கை." பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: "வெளிய போயி போர்டப் பாத்துட்டு வந்து சாப்பிடுங்க. அப்பத்தான் உங்க நாக்குக்குப் பிடிபடும்."

பந்தியே சிரித்தது, அய்யணன் சாரும் சேர்ந்து சிரித்தார். நான் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். துணியை எடுத்திருந்தார்கள். பச்சை நிறத்தில் பெரிதாக எழுதியிருந்தது. என் கண்ணை எனக்குத் தெரியும், அது தனக்கு வேண்டியதைப் படிக்கும். அதனால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன்.

இ, ந், தி, ரா, ணி.

சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் கூட்டிப் பார்த்தேன். இந்திராணி மெஸ் என்றுதான் எழுதியிருந்தது.